குதிகாலில் இருக்கிற பிரேக்

1

இந்த மாதத்தோடு நான் ஒஹாயோவுக்கு வந்து இருபத்தைந்து வருடம் முடிகிறது. மற்ற வருடங்களில் இந்த நாளுக்குக் கேசரி கிண்டுவேன், கணவர் இரண்டு ஸ்பூன் தின்றுவிட்டு சர்க்கரை ஜாஸ்தி என்பார், அதோடு கொண்டாட்டம் முடிந்துவிடும். இந்த வருடம் கேசரிக்குப் பதில் என் கையில் இருப்பது போன மாதம் வந்த ஒரு தீர்ப்பு. ஓட்டுநர் எண் ஐம்பத்தெட்டு மூன்று பந்தயங்களுக்கு விலக்கி வைக்கப்படுகிறார். ஐம்பத்தெட்டு நான். புகார் கொடுத்தவர் எண் இருபத்தேழு. அது என் மகன் கவின்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம். யாருக்கும் அடிபடவில்லை. இது நிஜக் கார் இல்லை. எங்கள் வீட்டு அடித்தள அறையில் ஒரு மேஜை, அதில் இறுக்கி வைத்த ஸ்டீயரிங், தரையில் பெடல்கள், எதிரே ஒரு திரை. அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு முப்பது பேர் இணையத்தில் ஒரே தடத்தில் ஓட்டுகிறோம். தடம் முட்டை வடிவில் இருக்கும். ஒரு சுற்றுக்கு நான்கு திருப்பம், நான்கும் இடப்பக்கம். அறுபது சுற்று. இந்த நாட்டுக்காரர்கள் குடும்பத்தோடு மைதானத்துக்குப் போய் வெயிலில் உட்கார்ந்து பார்க்கிற பந்தயத்தின் வீட்டு வடிவம் இது.

ஐம்பத்தொரு வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார். பெற்ற பிள்ளையோடு பேச எனக்கு வேறு வழி இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இதுதான் என் பதில்.

2

கவின் இங்கேயே பிறந்தவன். படிப்பு முடித்து வேறு மாநிலத்தில் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. போனில் கூப்பிட்டால், "பிஸி மா, அப்புறம் கூப்பிடறேன்" என்பான். அந்த அப்புறம் வருவதற்குள் எனக்கு ஒரு டப்பா ஊறுகாய் தீர்ந்துவிடும். சண்டை ஏதாவது போட்டிருந்தாலாவது சமாதானம் பேசலாம். எங்களுக்குள் சண்டையே இல்லை. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். சாப்பிட்டியா என்பேன், சாப்பிட்டேன் என்பான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மட்டும் அவன் போனை எடுக்கவே மாட்டான். ஏன் என்று குடைந்ததில், அந்த நேரத்தில் பந்தயம் ஓட்டுகிறான் என்று தெரிந்தது. அவனுடைய பழைய ஸ்டீயரிங்கும் பெடலும் எங்கள் அடித்தளத்தில் தூசி படிந்து கிடந்தன. போன நன்றி கூறும் விடுமுறைக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது, எனக்கும் சொல்லிக்கொடு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தபடியே எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்து, எனக்கு ஒரு கணக்கும் திறந்து கொடுத்தான்.

"இது ஜஸ்ட் லெஃப்ட் டர்ன்தான் மா. பட் நீ ஒரு மாசம் கூட தாங்க மாட்ட."

ஒரு நிபந்தனை போட்டான். அவன் இருக்கிற குழுவில் நான் அவன் அம்மா என்று யாருக்கும் தெரியக் கூடாது. அங்கே அவன் பெயர் கெவின். நான் சுமதி, எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு பெண்மணி. அதற்கும் தலையாட்டினேன். ஆனால் எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு தனிச் சேனல் திறந்து தந்தான். பந்தயம் நடக்கும்போது அதில் பேசலாம். அவன் இருந்தால் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

அந்தப் பச்சைப் புள்ளிக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதல் இரண்டு மாதம் இடிக்காத ஆள் இல்லை. நான் கார் ஓட்டக் கற்றது இந்த நாட்டில்தான், ஆனால் சாலையைப் பார்க்கக் கற்றது எங்கள் ஊர்ப் பக்கத்து மாதனூர் கூட்ரோட்டில். அங்கே இரண்டு லாரிக்கு நடுவில் இடைவெளி தெரிந்தால் மூக்கை நுழைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு முழுக்க அங்கேயே நிற்க வேண்டியதுதான். இங்கேயும் இடைவெளி கண்ட இடமெல்லாம் நுழைந்தேன். ஒவ்வோர் இடிக்கும் தப்புப் புள்ளி ஏறும், அது ஏற ஏற இந்த விளையாட்டு தருகிற ஓட்டுநர் உரிமத்தின் தரம் இறங்கும். அதன் கடைசிப் படியில் நான் குடியிருந்தேன்.

"பொறு மா. கேப் இருக்குன்னு போகாத. அவனே ஒரு தப்பு பண்ணுவான், அப்போ போ" என்பான் கவின், தனிச் சேனலில். ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை பொறு மா என்பான். கிரீன் கார்டுக்குப் பதினொரு வருடம் வரிசையில் நின்றவளிடம், என் அப்பாவின் காரியத்துக்குக் கூட ஊருக்குப் போக முடியாமல் காகிதத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தவளிடம், என் பிள்ளை பொறுமையைப் பற்றி வகுப்பெடுத்தான். நானும் சரிப்பா சரிப்பா என்று கேட்டுக்கொண்டேன். திட்டினாலும் அது அவன் குரல்.

3

ஓட்டத் தெரியாமல் முழித்த என்னை ஓட்ட வைத்தது கவின் இல்லை. என் கால்.

இதுவரை நான் எங்கேயும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். மாதனூர் பக்கத்தில் எங்கள் கிராமம். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஷூ கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்தேன். காலை ஆறே முக்காலுக்கு ஏரிக்கரையில் கம்பெனி பஸ் நிற்கும். கல்யாணம் ஆகும் வரை ஏழு வருடம், ஷூவின் மேல்பாகத்தைத் தைத்தேன். பக்கத்து மிஷினில் பரிமளா. அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், இப்போது லைன் சூப்பர்வைசர்.

நேர்த் தையல் யார் வேண்டுமானாலும் போடலாம். குதிகால் பக்கத்து வளைவில்தான் ஆள் தெரியும். வளைவு வருவதற்கு முன்பே காலைத் தளர்த்த வேண்டும், வளைவுக்குள் போன பிறகு தளர்த்தினால் தையல் வெளியே ஓடிவிடும். தோலைக் கையால் திருப்பக் கூடாது, மிஷின் தானாக இழுக்கும், கை அதனோடு கூடவே போனால் போதும். பாதி வளைவு தாண்டி நேர்க்கோடு கண்ணில் பட்ட பிறகுதான் மறுபடியும் காலை அழுத்தலாம். இதை எனக்கும் பரிமளாவுக்கும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. ஜோடி ஜோடியாகப் பாழாக்கித் திட்டு வாங்கிக் கற்றோம்.

ஒரு ஞாயிறு, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பெடலில் வைத்தேன். மூன்றாவது திருப்பம் வந்தது. என்னைக் கேட்காமலே கால் முன்கூட்டித் தளர்ந்தது. ஸ்டீயரிங்கை முறுக்காமல் காரை உருள விட்டேன். நேர்ச் சாலை தெரிந்த பிறகு மெல்ல அழுத்தினேன். கார் ஒரு சத்தமும் இல்லாமல் வெளியே வந்தது. அதுவரை நான் எல்லா இளவட்டங்களையும் போல வேகத்தோடு திருப்பத்துக்குள் விழுந்து, ஸ்டீயரிங்கை முறுக்கி, வலப்பக்க முன் டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஓட்டுகிறவர்கள் பத்துச் சுற்றுக்குப் பறப்பார்கள். நாற்பதாவது சுற்றில் டயர் செத்து, சுவரோரமாக வழுக்குவார்கள். டயரைக் காப்பாற்றியவர்கள் அப்போது ஒவ்வொருவராகத் தாண்டிப் போகலாம்.

அன்றைக்கு முப்பது பேரில் ஒன்பதாவதாக வந்தேன். பந்தயம் முடிந்ததும் பரிமளாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் தாண்டி அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி சொல்ற? ஷூ தைக்கிற மாதிரியே கார் ஓட்டுறியா? உனக்கு மண்ட கொழம்பிப் போச்சு."

"நிஜமாத்தான்டி. அதே கால்தான்."

"அப்ப டார்கெட் எவ்ளோன்னு கேளு. கம்மியா இருந்தா நானும் வர்றேன்."

இதைக் கவினிடம் சொல்லிச் சிரிக்க ஆசையாக இருந்தது. முடியாது. தன் அம்மா கல்யாணத்துக்கு முன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் இருந்தார் என்றுதான் அவனுக்குத் தெரியும். இங்கே வந்த முதல் மாதமே, தமிழ்க் குடும்பங்களின் விருந்துக்குக் கிளம்பும்போது கணவர் சொன்னார்: "ஷூ கம்பெனி, தோலுன்னு எதுவும் பேசிக்கினு இருக்காதே. ஒரு மாதிரி பாப்பாங்க. எக்ஸ்போர்ட்ல குவாலிட்டி செக்கிங்னு சொல்லு." குடியேற்றப் படிவத்தில் முந்தைய வேலை என்ற கட்டத்தில் இல்லத்தரசி என்று அவரே நிரப்பினார். அவரை மட்டும் குறை சொல்வது சுலபம். எனக்கும் அந்தப் பொய் பிடித்திருந்தது. புதுப் புடவை கட்டியது போல அதை உடுத்திக்கொண்டு சுற்றினேன்.

என் இடது ஆள்காட்டி விரல் நகம் நடுவில் பிளந்து வளரும். கம்பெனியில் ஒரு நாள் டார்கெட் முடிக்கிற அவசரத்தில் ஊசி நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்தது. கவின் சின்னவனாக இருந்தபோது அதைத் தடவிப் பார்த்து எப்படி ஆச்சு என்று கேட்டான். தேங்காய் துருவும்போது என்றேன்.

4

எங்கள் குழுவில் ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு பந்தயம். முடிவில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்கள் மேல் பிரிவுக்குப் போய்விடுவார்கள். மேல் பிரிவின் பந்தயம் வேறு நாளில், வேறு ஆட்களோடு. என் உரிமத்துக்கு அங்கே வாசல் கூடக் கிடையாது. கவின் இரண்டாம் இடத்தில் இருந்தான். அவன் போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். மிச்சம் நான்கு பந்தயம். எனக்கும் அவனுக்கும் நான்கு ஞாயிறு.

அந்த நான்கில் முதலாவது. நான் பன்னிரண்டாவதாகக் கிளம்பினேன். அவசரப்படவே இல்லை. வேகமாக வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டேன். முப்பதாவது சுற்றிலிருந்து அவர்களெல்லாம் டயர் தேய்ந்து ஒதுங்க ஆரம்பித்தார்கள். நாற்பதாவது சுற்றில் எனக்கு முன்னால் தெரிந்தது இருபத்தேழாம் எண், நீலக் கார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக என் பிள்ளைக்கு நேர் பின்னால் இருந்தேன். அவன் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அந்த நிழலில் என் கார் சுலபமாக ஓடியது.

பச்சைப் புள்ளி துடித்தது. "மா, இது நீயா? செம்மையா வர்ற. அப்படியே என் பின்னாடியே இரு, ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்."

அவன் என்னைப் பாராட்டி எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தப்பு. அந்த நேரம் பார்த்து மூன்றாம் திருப்பத்தில் யாரோ சுழன்றார்கள். புகை. கவின் சட்டென்று பிரேக் அடித்தான். நானும் நிறுத்தினேன்.

அதாவது, நிறுத்தியதாக நினைத்தேன். தையல் மிஷினுக்கு ஒரே அகலப் பெடல்தான். முன்பாதத்தை அழுத்தினால் ஓடும். குதிகாலைப் பின்னால் அழுத்தினால் ஊசி மேலே வந்து அந்தக் கணமே நின்றுவிடும். ஏழு வருடம், ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவையோ அப்படி நிறுத்தியிருக்கிறேன். பந்தயத்தில் பிரேக் இடதுகாலில். என் இடதுகால் சும்மா கிடந்தது. வலதுகாலின் குதிகால், உயிர் போகிற மாதிரி தரையைப் பின்னால் அழுத்திக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டர் தளர்ந்தது, அவ்வளவுதான். கார் அதே வேகத்தில் உருண்டு போய் என் பிள்ளையின் காரைப் பின்னாலிருந்து அடித்துச் சுவரில் ஏற்றியது.

"ஐயோ கண்ணு!" என்று கத்தினேன். அவசரத்தில் பொதுச் சேனலில் கத்திவிட்டேன். முப்பது பேர் கேட்டார்கள். யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை, ஒருவனுக்குத் தவிர. பச்சைப் புள்ளி அணைந்தது.

5

மறுநாள் படிவம் வந்தது. நடுவர் குழு மூன்று பேர், முகம் தெரியாதவர்கள். புகார் தந்தவர்: கார் எண் 27. குற்றச்சாட்டு: எண் 58 பிரேக் போட முயற்சி கூடச் செய்யவில்லை. விளக்கம் தர இரண்டு நாள். காரணத்தைத் தேர்வு செய்யவும்: கட்டுப்பாடு இழப்பு, இணையக் கோளாறு, வேண்டுமென்றே, மற்றவை. இந்த நாட்டில் எந்தக் கட்டத்திலும் நான் பொருந்தியதில்லை. மற்றவை என்பதைத்தான் எப்போதும் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

கவினுக்குப் போன் போட்டேன். எடுத்தான்.

"மா, இட்ஸ் நத்திங் பெர்சனல். உன் மேல தப்புன்னு அவங்க சொன்னாத்தான் நான் இழந்த பாயின்ட்ஸ் திரும்ப வரும். ரூல் அப்படி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு குடுத்திருக்கலாமே கண்ணு."

"சொன்னா நீ அழுவ."

நியாயம்தான். சொல்லாததாலும் அழுதேன்.

இணையக் கோளாறு என்று போட்டிருந்தால் எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள். குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் தப்பிக்கிறார்கள். அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கவினுக்குப் புள்ளிகள் கிடைக்காது, எனக்கு மூன்று ஞாயிறு மிஞ்சும். பிறகு விரலை எடுத்துவிட்டேன். நான் அவன் அம்மா என்று எழுதியிருக்கலாம். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் இன்னொரு ரகசியத்தை எழுதினேன். நான் இந்தியாவில், ஆம்பூர் அருகே ஒரு ஷூ தொழிற்சாலையில் ஏழு வருடம் தைத்தவள். எங்கள் மிஷினில் குதிகால்தான் பிரேக். பயந்தபோது என் கால் பழைய வேலைக்குப் போய்விட்டது. எண் 27 மேல் எந்தத் தவறும் இல்லை.

அரைகுறை ஆங்கிலத்தில், யாரையும் திருத்தச் சொல்லாமல் நானே எழுதினேன். இருபத்தைந்து வருடத்தில் இந்த நாட்டில் நான் நிரப்பிய படிவங்களில் பொய் இல்லாத முதல் படிவம் அது.

தீர்ப்பைக் குழுவின் பக்கத்தில் என் விளக்கத்தோடு சேர்த்துப் போட்டார்கள். சுவையான தகவலுக்கு நன்றி என்று ஆரம்பித்தது. தன் பெடலுக்கு ஓட்டுநரே பொறுப்பு என்று முடிந்தது. மூன்று பந்தயம் விலக்கு. என்னிடம் இருந்ததே மூன்றுதான், சரியாக எண்ணி எடுத்துக்கொண்டார்கள்.

பரிமளாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "பேஜார் புடிச்ச பொம்பள. கம்பெனியில வேல செஞ்சத அந்த வெள்ளக்காரனுங்களுக்கு எழுதுன. பெத்த புள்ளைக்கு ஏன்டி சொல்லல?"

6

அந்த வாரம் கவினே கூப்பிட்டான். அவனாகக் கூப்பிட்டு மாதக் கணக்காகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"மா, அந்த லெட்டர் படிச்சேன். அது ட்ரூவா? இல்ல, பெனால்ட்டி கம்மி பண்ணுவாங்கன்னு எழுதினியா?"

"உண்மைதான்பா."

"ஆபீஸ்ல இருந்தேன்னு சொன்ன. ஸ்கூல் ப்ராஜெக்ட்ல நான் அப்படித்தான் எழுதினேன். நீதான் ஸ்பெல்லிங் சொல்லிக் குடுத்த."

"ஆமா. அது பொய். என் விரல் நகம் பிளந்திருக்குமே, நீ தடவிப் பாப்பியே. அது ஊசி ஏறினது. மிஷின் ஊசி."

"அது தேங்காய் துருவும்போதுன்னு சொன்ன."

"அதுவும் பொய்தான் கண்ணு."

"அப்போ இது மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்பறது?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. கடைக்காரனிடம் கேட்பது போல நிதானமாகக் கேட்டான். பரிமளாவிடம் கேட்டுப் பார் என்று சொல்ல வாயெடுத்தேன். பரிமளா யார் என்பதை நான் அவனிடம் சொன்னதே இல்லை. ஊரில் ஒரு ஃபிரெண்ட், அவ்வளவுதான் தெரியும் அவனுக்கு. அவன் என்னிடம் ஒன்றும் பேசுவதில்லை என்று இத்தனை நாள் ஊரெல்லாம் புலம்பியிருக்கிறேன். பேசுவதற்கு நான் அவனுக்கு என்ன கொடுத்தேன்? சாப்பிட்டியா என்ற ஒரு கேள்வியைக் கொடுத்தேன்.

"சரி மா. மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டான்.

மூன்று ஞாயிறும் பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து நீலக் காரைப் பார்த்தேன். நன்றாக ஓட்டினான். திருப்பத்துக்கு முன்பே தளர்த்தினான், காரை உருள விட்டான், நேர்க்கோடு தெரிந்த பிறகு அழுத்தினான். யாரிடம் கற்றான் என்று தெரியவில்லை. என்னிடம் இல்லை. இரண்டாம் இடத்தில் முடித்து மேல் பிரிவுக்குப் போனான். வாழ்த்துச் செய்தி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

7

போன ஞாயிறு புதுப் பருவம் தொடங்கியது. என் விலக்கு முடிந்துவிட்டது. குதிகால் பழக்கம் வரக் கூடாது என்று இந்தத் தடவை ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தடித்த அடி, குதிகால் அசையாது. இங்கேயே கடையில் வாங்கியதுதான். ஷூவின் நாக்கை மடித்துப் பார்த்தால் உள்ளே இந்தியாவில் செய்தது என்று இருக்கிறது. குதிகால் பக்கத்து வளைவைத் தடவிப் பார்த்தேன், நல்ல கை தைத்திருக்கிறது. ஏழு வருடம் தைத்தபோது ஒரு ஜோடி கூட நான் போட்டதில்லை.

கடைசியில் கிளம்பினேன். பொறு மா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே பொறுத்தேன். இருபத்தெட்டாவது சுற்றில் எனக்கு நேர் முன்னால் ஒரு கார் சுழன்றது. இடதுகால் போய் பிரேக்கை அழுத்தியது, கார் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றது. பழக்கம் போல மூலையைப் பார்த்தேன். அங்கே புள்ளி எரியவில்லை.

நான்காவதாக வந்தேன். அறுபது சுற்று, ஒரு தப்புப் புள்ளி கூட இல்லை. குழுவில் யாரோ சபாஷ் என்று எழுதினார், எப்படி இவ்வளவு சுத்தமாக ஓட்டினீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். பதில் எழுதாமல் திரையை அணைத்தேன். முன்னால் போன காரெல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள். இடித்துவிடுவோமோ என்று நான் பதறுவதற்கு, அதில் என்னுடையவன் இல்லை.